சேற்று வாயுவும் செவ்வாயும்: மீத்தேனை உயிர்த்தடயமாகக் கொள்வதன் எல்லைகள்

திருத்துறைப்பூண்டி வட்டாரச் சம்பா வயல்களில் பருவமழைத் தண்ணீர் சில வாரம் தேங்கிய பிறகு சேற்றில் கால் வைத்தால் குமிழிகள் கிளம்பும். அவற்றில் இருக்கும் முக்கிய வாயு மீத்தேன். செவ்வாயில் உயிரைத் தேடுவோர் விடாமல் துரத்துவதும் இதே வாயுவைத்தான். ஒரு கோளின் வளிமண்டலம் வேதிச் சமநிலை குலைந்திருந்தால் அங்கே உயிர் இருக்கலாம் என்று அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக் 1965-இல் வாதிட்டார். 1990 டிசம்பரில் பூமியைக் கடந்து சென்ற கலிலியோ விண்கலம் ஆக்சிஜனும் மீத்தேனும் இங்கே சேர்ந்திருப்பதைப் பதிவுசெய்தது. ஒன்றையொன்று அழிக்கும் இரு வாயுக்கள் நீடிக்க வேண்டுமானால் ஏதோ ஒன்று அவற்றை ஓயாமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, லவ்லாக்கின் வாதத்துக்கு வலுவூட்டுவது மீத்தேன் மட்டுமல்ல, அதன் கூட்டாளியும்தான். செவ்வாய் பற்றிய விவாதங்களில் இந்த இரண்டாம் பாதி பலமுறை விடுபட்டுப்போகிறது.

வயலில் நடப்பது ஒரு வரிசை. தண்ணீர் மூடியதும் மண்ணிலுள்ள ஆக்சிஜன் விரைவில் தீர்கிறது. பின்னர் நுண்ணுயிர்கள் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் எனப் படிப்படியாகப் பயன்படுத்துகின்றன. அவையும் குறைந்த பிறகே மீத்தேன் ஆக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களின் கை ஓங்குகிறது. மட்கும் தாளிலிருந்தும் தொழு உரத்திலிருந்தும் கிடைக்கும் அசிட்டேட்டும் ஹைட்ரஜனுமே அவற்றின் இரை. உருவாகும் வாயுவில் பெரும்பகுதி குமிழியாக வருவதில்லை. நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றறைகள் வழியே வெளியேறுகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மண்ணுக்குள் ஆக்சிஜன் மீண்டும் புகுந்து உற்பத்தி குறைந்துவிடும்.

தெற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேற்றில் நிலைமை வேறு. கடல்நீர் கொண்டுவரும் சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் இரையை முந்திக்கொள்வதால் அங்கே மீத்தேன் மட்டுப்படுகிறது. உயிர் செழித்திருக்கும், வாயுவோ குறைவாக இருக்கும். செவ்வாயின் படிவுகளிலும் சல்பேட் உப்புகள் பரவலாக இருப்பதால் இந்த வேறுபாடு அங்கும் முக்கியமாகிறது. மீத்தேன் காணப்படவில்லை என்பதை வைத்து உயிர் இல்லை என்று முடிவுகட்ட இயலாது.

மறுபக்கமும் இதே காவிரி டெல்டாவிலேயே உண்டு. காவிரிப் படுகையின் ஆழத்தில், கோவில்களப்பால் போன்ற எண்ணெய் வயல்களின் பாறைகளில், தொன்மையான கரிமப்பொருள் நிலவெப்பத்தால் சிதைந்து உருவான இயற்கை வாயு இருக்கிறது. அதை இன்று வாழும் எந்த உயிரும் ஆக்கவில்லை. ஒலிவின் கனிமத்தோடு நீர் வினைபுரிந்து வெளிப்படும் ஹைட்ரஜன், கரியமில வாயுவுடன் சேர்ந்தும் மீத்தேன் உண்டாகலாம். அதற்கு உயிரே வேண்டாம். ஒரே நிலத்தின் மேலும் கீழும் கிடைக்கும் வாயுவின் மூலக்கூறு ஒன்றுதான், வரலாறுதான் வேறு. கார்பன்-13 ஐசோடோப்பின் விகிதமும், கூடவரும் ஈத்தேனின் அளவும் பூமியில் ஓரளவு பிரித்துக்காட்டுகின்றன.

செவ்வாயில் அந்த வசதி இன்னும் கைகூடவில்லை. பூமியின் காற்றில் நூறு கோடிக்குச் சுமார் 1,900 பங்கு மீத்தேன் உள்ளது. செவ்வாயின் கேல் பள்ளத்தில் கியூரியாசிட்டி ஊர்தி கண்ட பின்னணி அளவு பருவத்துக்கேற்ப ஏறத்தாழ 0.24-க்கும் 0.65-க்கும் இடையே ஏறி இறங்கியது. 2019 ஜூனில் ஒருமுறை 21-ஐத் தொட்டது. ஆனால் சுற்றுப்பாதையிலிருந்து அளக்கும் டிரேஸ் கேஸ் ஆர்பிட்டர், 0.05 பங்குகூடத் தென்படவில்லை என்று அதே 2019-இல் அறிவித்தது. சூரிய ஒளி மீத்தேனைச் சிதைக்க ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆகும் என்ற கணக்குப்படி, வெளிப்பட்ட வாயு கோள் முழுதும் பரவியிருக்க வேண்டும். இரவில் தரையருகே வாயு தேங்குகிறது என்ற விளக்கம் முரண்பாட்டைத் தணிக்கிறதே தவிரத் தீர்க்கவில்லை.

2013 நவம்பர் 5 அன்று புறப்பட்டு 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்த மங்கள்யானும் ஒரு மீத்தேன் உணரியைச் சுமந்து சென்றது. மீத்தேன் உட்கவரும் ஒளியையும் பிற வாயுக்கள் உட்கவரும் ஒளியையும் பிரித்தறிய அதன் வடிவமைப்பு போதவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. தரை எதிரொளிக்கும் ஒளியை வரைபடமாக்க அது பயன்பட்டது. இந்தியாவின் முதல் கோள்களிடைப் பயணத்திலேயே இவ்வளவு நுட்பமான கேள்வியை எழுப்பியது பாராட்டத்தக்கது. அடுத்த கருவி மீத்தேனின் அளவோடு நின்றுவிடாமல் ஈத்தேனையும் ஐசோடோப் விகிதத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். சுற்றுப்பாதையிலிருந்து அது முடியாதெனில் தரையிறங்க வேண்டும்.

ஐசோடோப் கிடைத்துவிட்டால் சிக்கல் முடிந்துவிடும் என்பதுமில்லை. கேல் பள்ளத்துப் பாறைத் தூளைக் கியூரியாசிட்டி சூடாக்கியபோது, சில மாதிரிகளில் கார்பன்-13 மிகக் குறைவாக இருந்ததென 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. நுண்ணுயிர்கள் ஆக்கிய பழைய மீத்தேன், புறஊதா ஒளி கரியமில வாயுவில் தூண்டிய வினை, சூரியக் குடும்பம் கடந்து வந்த விண்வெளித் தூசி என மூன்று விளக்கங்களை அந்த ஆய்வாளர்களே முன்வைத்தனர். அவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு அந்தப் பாறை எந்தச் சூழலில் படிந்தது, அங்கே நீர் எவ்வளவு காலம் நின்றது, சல்பேட் எவ்வளவு இருந்தது என்ற மண்ணியல் விவரங்கள் தேவை.