ரிச்சர்ட் ஹாமண்ட் விபத்தும் எதிர்வினைகளும்

பிபிசியின் ‘டாப் கியர்’ நிகழ்ச்சித் தொகுப்பாளர் ரிச்சர்ட் ஹாமண்ட், 2006 செப்டம்பர் 20 அன்று இங்கிலாந்தின் யார்க் நகருக்கு அருகே எல்விங்டன் ஓடுதளத்தில் விபத்துக்குள்ளானார். ‘வாம்பயர்’ என்ற ஜெட் காரை மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபோது முன்பக்க வலது டயர் வெடித்தது. கார் புரண்டது, அவருக்கு மூளையில் கடுமையான காயம் ஏற்பட்டது.

அவரை ஹெலிகாப்டரில் லீட்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றது யார்க்‌ஷயர் வான் ஆம்புலன்ஸ். அது நன்கொடையில் இயங்கும் அமைப்பு. முன்பின் அறியாத ரசிகர்கள் சில நாள்களிலேயே அதற்கு 1 லட்சம் பவுண்டுக்கும் மேல் திரட்டித் தந்தனர். வேகத்தைக் கொண்டாடும் நிகழ்ச்சியையே நிறுத்த வேண்டும் என்ற குரல்களும் அதே நாள்களில் எழுந்தன. விசாரித்த பணிப் பாதுகாப்பு அமைப்பு, முன்னேற்பாட்டில் குறைகளைக் கண்டது. ஆனால் வழக்குத் தொடரவில்லை.

நிகழ்ச்சி நிற்கவில்லை. 2007 சனவரி 28 அன்று ஹாமண்ட் விமானப் படிக்கட்டில் நடன மங்கையர் புடைசூழ இறங்கி வந்தார். விபத்துக் காட்சியும் அன்று ஒளிபரப்பானது. பார்த்தவர்கள் சுமார் 80 லட்சம் பேர். கண்டித்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

அவர் பிழைத்ததால்தான் அக்காட்சி கேளிக்கையாக முடிந்தது. ஹாமண்டின் கார் புரண்ட அதே நாளில்தான் ஆஸ்திரேலியாவில் ஸ்டீவ் இர்வினுக்கு நினைவஞ்சலிக் கூட்டம் நடந்தது. செப்டம்பர் 4 அன்று, படப்பிடிப்புக்காகக் கடலில் இறங்கியிருந்த இர்வின் திருக்கை மீன் குத்தி இறந்தார். அந்தப் பதிவு ஒளிபரப்பப்படவே இல்லை.