ஹோட்டல் சாப்பாடா, வீட்டுச் சமையலா? ஒரு சாப்பாட்டுக்கு எவ்வளவு மிச்சம்? முழு கணக்கு இதோ!

ஞாயிற்றுக்கிழமை மதியம். பொம்மையார்பாளையத்தில் கிழக்கு கடற்கரைச் சாலையை எட்டிப் பார்த்தாலே போதும், ஹோட்டல் வாசல்களில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். "நாலு பேருக்கு சமைக்கிற செலவுக்கு வெளியவே சாப்பிட்டுடலாம்" என்று நம்மில் பலரும் சொல்லியிருப்போம். இது உண்மைதானா? வாங்க, கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் சமைத்தால் எவ்வளவு?

நாலு பேருக்கு சாம்பார், பொரியல், தயிருடன் ஒரு மதியச் சாப்பாடு. கீழே இருப்பது உதாரண விலைதான், உங்க ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

- அரிசி அரை கிலோ (கிலோ ரூ.60): ரூ.30
- துவரம்பருப்பு 100 கிராம் (கிலோ ரூ.130): ரூ.13
- காய்கறி: ரூ.40
- எண்ணெய், புளி, மசாலா: ரூ.20
- தயிர்: ரூ.30
- கேஸ்: ரூ.12

மொத்தம் ரூ.145. ஆளுக்கு சுமார் ரூ.36.

இதில் பலரும் மறந்துவிடுவது கேஸ் செலவு. 2025 ஏப்ரல் 8 விலை உயர்வுக்குப் பிறகு சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் ரூ.868.50-க்கு விற்கப்பட்டது. அந்த விலைப்படி ஒரு கிலோ கேஸ் ரூ.61 ஆகிறது.

கிரிசில் நிறுவனம் வீட்டில் சமைக்கும் ஒரு தட்டு சாப்பாட்டின் செலவை மாதாமாதம் கணக்கிடுகிறது. 2025 ஜூலையில் அதன் தேசிய சராசரி சைவத்துக்கு ரூ.28.1, அசைவத்துக்கு ரூ.53.5.

ரேஷன் அரிசி என்றால்?

தமிழ்நாட்டில் அரிசி கார்டுக்கு ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். துவரம்பருப்பு கிலோ ரூ.30, பாமாயில் லிட்டர் ரூ.25. அரிசியும் பருப்பும் ரேஷனில் வாங்கினாலே மேலே சொன்ன ரூ.145 என்பது ரூ.105 ஆகிவிடும். அதாவது ஆளுக்கு சுமார் ரூ.26. மரக்காணம் உப்பளத்தில் தினக்கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு இந்த 40 ரூபாய் சின்ன விஷயம் இல்லை.

ஹோட்டலில் எவ்வளவு?

ஒரு சாப்பாடு ரூ.100 என்றால் நாலு பேருக்கு ரூ.400. 5% ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.420. வீட்டுச் சமையலைவிட ரூ.275 அதிகம். வாரம் ஒருமுறை போனால் வருஷத்துக்கு ரூ.14,300!

அதே சாப்பாட்டை ஆப்பில் ஆர்டர் செய்தால்? பேக்கிங் ரூ.20, டெலிவரி ரூ.40, பிளாட்ஃபார்ம் கட்டணம் ரூ.15 என்று வைத்துக்கொள்வோம். உணவுக்கும் பேக்கிங்குக்கும் 5%, மற்ற இரண்டுக்கும் 18% ஜிஎஸ்டி. கடைசியில் பில் சுமார் ரூ.506.

புதுச்சேரி போனால் வரி குறையுமா?

குறையாது. சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி இரண்டு பக்கமும் ஒன்றுதான். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால்தான் அதன் விலை மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. சாப்பிட மட்டும் போறீங்கன்னா பெட்ரோல் செலவையும் கணக்கில் சேருங்க.

பில்லில் எதைப் பார்க்கணும்?

- ஜிஎஸ்டி வசூலித்தால் பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறிய ஹோட்டல்கள் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கக் கூடாது.
- சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பில்லில் இருந்தால் நீக்கச் சொல்லலாம்.

அப்போ வீட்டுச் சமையல்தான் எப்பவும் லாபமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ரூமில் தனியாக இருப்பவர் ஒருவருக்கு மட்டும் சமைத்தால் செலவு ரூ.50-ஐ தொட்டுவிடும். காய்கறி வாடும், தயிர் புளிக்கும், குழம்பு மீந்து போகும். பக்கத்து மெஸ்ஸில் ரூ.80-க்கு சாப்பாடு கிடைத்தால் வித்தியாசம் வெறும் 30 ரூபாய். அவருக்கு மெஸ் மோசமான முடிவு இல்லை. ஆள் கூடக் கூடத்தான் வீட்டுச் சமையலில் மிச்சமும் கூடும்.

கணக்கில் வராத ஒரு செலவு

மேலே போட்ட ரூ.145-ல் சமைத்தவரின் கூலி இல்லை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். வீட்டுச் சாப்பாடு மலிவாக இருப்பதற்கு அந்த நேரத்துக்கு யாரும் விலை போடாததும் ஒரு காரணம்.

அதனால் "இன்னைக்கு வெளிய சாப்பிடலாமா?" என்று வீட்டில் சமைப்பவர் கேட்டால், ரூ.275 வீண் செலவு என்று உடனே சொல்லிவிடாதீங்க. அது அவருக்கு ஒரு வேளை லீவு. மாதத்துக்கு இத்தனை முறை என்று முன்கூட்டியே முடிவு செய்து பணத்தை ஒதுக்கிவிட்டால் பட்ஜெட்டும் இடிக்காது. மற்ற நாட்களில் காய் நறுக்க, பாத்திரம் கழுவ எல்லாரும் கை கொடுத்தால் அதற்குப் பத்து பைசா செலவில்லை!