குண்டு இல்லாத நாட்டின் பங்கு

அணுகுண்டே இல்லாத மலேசியாவுக்கு அணு ஆயுத ஒழிப்பில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. 2005 மே மாதம் நியூயார்க்கில், அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்த மறுஆய்வு மாநாடு உருப்படியான முடிவின்றிக் கலைந்தது. அதே ஆண்டு மலேசிய மகப்பேறு மருத்துவர் ரொனால்ட் மெக்காய், உலகெங்கும் உள்ள சக மருத்துவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: கண்ணிவெடித் தடைக்கு நடந்ததைப் போன்ற இயக்கம் அணு ஆயுதத் தடைக்கும் வேண்டும், பெயர் 'ஐகேன்'. பதவியோ படையோ இல்லாத தன்னார்வலர்களின் யோசனைதான். 2007இல் மெல்பர்னில் இயக்கம் தொடங்கியது. 2017 ஜூலை 7 அன்று ஐ.நா.வில் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்துக்கு 122 நாடுகள் வாக்களித்தன. இயக்கத்துக்கு நோபல் அமைதிப் பரிசும் அவ்வாண்டே வந்தது.

குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூடக் கையெழுத்திடவில்லையே என்பார்கள். உண்மைதான், அது சிறிய குறையும் அல்ல. ஆனால் குண்டுக்கான வேலை அந்நாடுகளுக்குள் மட்டும் நடப்பதில்லை. 2003 அக்டோபரில் லிபியாவுக்குச் சென்ற கப்பலில் பிடிபட்ட யுரேனியச் செறிவூட்டல் மையவிலக்குப் பாகங்கள், கிள்ளான் பள்ளத்தாக்கின் ஷா ஆலாமில், சாதாரணத் தொழிற்பேட்டை ஒன்றில் செய்யப்பட்டவை. எதற்கென்று தெரியாது என்றது செய்துகொடுத்த நிறுவனம். தெரியாமலே செய்துவிட முடியும் என்றால், ஆபத்து இன்னும் பெரிது. இத்தகைய பொருள்களை ஏற்றுமதி செய்ய உரிமம் கேட்கும் சட்டத்தை மலேசியா 2010இல்தான் இயற்றியது. தடை ஒப்பந்தத்தை 2020 செப்டம்பர் 30 அன்று முறைப்படி ஏற்றது.