காற்றுத் தொங்கலமைப்பு: பழுதும் பழுதறிதலும்

காற்றுத் தொங்கலமைப்பு என்பது சுருள்வில், பட்டைவில் ஆகியவற்றுக்குப் பதிலாகக் காற்றடைத்த இரப்பர்ப் பைகளைக் கொண்டு வண்டியின் எடையைத் தாங்கும் முறை ஆகும். பட்டறைகளில் இதனை ஏர் சஸ்பென்ஷன் என்றும், பையினை ஏர் பெல்லோ என்றும் அழைப்பர். கொல்லர் உலையில் பயன்பட்ட தோல் துருத்தியின் மடிப்பை ஒத்த வடிவம் இதற்கு உண்டு. ஆனால் இன்றைய பை தோலால் ஆனதன்று; நூலிழை வைத்துப் பதப்படுத்திய இரப்பரால் ஆனது.

திருப்பத்தூர் மாவட்டத்தின் நாட்றம்பள்ளி, சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரிக்கும் வாணியம்பாடிக்கும் இடையில் உள்ளது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலின் சரக்கு வண்டிகளும் பெங்களூரு செல்லும் பேருந்துகளும் சொகுசுக் கார்களும் ஒரே சாலையில் ஓடுகின்றன. பட்டைவில்லும் காற்றுப்பையும் அருகருகே இயங்கும் வழித்தடம் இது.

தோற்றம்

1901ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான வில்லியம் ஹம்ஃப்ரீஸ் வண்டிகளுக்கான காற்றுவில்லுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் காற்றை ஒழுகாமல் அடைத்து வைக்கும் உறுதியான இரப்பர் அப்போது இல்லை. 1930களில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் காற்றுப்பைகளை உருவாக்கியது. 1950களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தனது நெடுந்தூரப் பேருந்துகளில் இவற்றைப் பொருத்தியது. 1954இல் வெளிவந்த கிரேஹவுண்டு நிறுவனத்தின் சீனிக்குரூசர் பேருந்து இவ்வகையில் புகழ்பெற்றது.

கார்களில் நேர்ந்த தோல்வி

பேருந்தில் கிடைத்த வெற்றியைக் கண்டு, 1957இல் காடிலாக் எல்டொராடோ புரோகாம் காரின் நான்கு சக்கரங்களுக்கும் காற்றுவில் வைக்கப்பட்டது. 1958இல் செவ்ரலே, பியூக் முதலிய கார்களிலும் கூடுதல் விலைக்கு இது கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே இம்முயற்சி கைவிடப்பட்டது. இணைப்புகளில் காற்று ஒழுகியது; குழாய்களில் ஈரம் தங்கி வால்வுகள் துருப்பிடித்தன; குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்தது. காலையில் வண்டியை எடுக்க வந்தவர் அது ஒரு பக்கம் சாய்ந்து கிடப்பதைக் கண்டார். பல உரிமையாளர்கள் காற்றுவில்லைக் கழற்றிவிட்டுச் சுருள்வில் பொருத்திக்கொண்டனர்.

ஒரே தொழில்நுட்பம் பேருந்தில் நிலைத்துக் காரில் தோற்றதற்குக் காரணம் உண்டு. பேருந்தில் பிரேக்குக்காகவே காற்றழுத்தியும் தொட்டியும் ஏற்கெனவே இருந்தன. பணிமனையில் தொட்டியின் நீரை வடிப்பதும் குழாய்களைப் பார்ப்பதும் வழக்கமான வேலைகள். காருக்கு இந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை. கார்ப் பட்டறைகளில் இதைப் பழகியவர்களும் குறைவு.

மின்னணுக் காலம்

1984ஆம் ஆண்டின் லிங்கன் மார்க் VII காரில் கணினி கட்டுப்படுத்தும் காற்றுத் தொங்கலமைப்பு வந்தது. உயரத்தை உணரிகள் அளந்தன. மின்காற்றழுத்தியும் வால்வுகளும் கணினியின் ஆணைப்படி இயங்கின. 1990களில் ரேஞ்ச் ரோவரும் மெர்சிடீஸ் எஸ் வகுப்பும் இம்முறையைப் பின்பற்றின. இதனால் பழுதறிதலின் தன்மையும் மாறியது. அதுவரை காதும் கையும் சோப்பு நீரும் போதுமாயிருந்தன. இப்போது கணினியில் பதிவாகும் பழுதுக்குறியைப் படிக்க வேண்டியதாயிற்று. புகை தொடர்பான எஞ்சின் குறிகள் பொதுவானவை. தொங்கலமைப்பின் குறிகளோ பெரும்பாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். விலை குறைந்த ஸ்கேனர் பலவற்றில் அவை தெரிவதில்லை. நெடுஞ்சாலையோரச் சிறு பட்டறைக்கு இதுவே பெரும் தடை.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இத்தொழில்நுட்பம் கார்களைவிடப் பேருந்துகள் வழியாகவே பரவலாக அறிமுகமானது. சென்னை பாடியைச் சேர்ந்த வீல்ஸ் இந்தியா நிறுவனம் பேருந்து, லாரிகளுக்கான காற்றுத் தொங்கலமைப்புகளைத் தயாரிக்கிறது. 2001இல் இந்தியாவுக்கு வந்த வால்வோ பி7ஆர் பேருந்து, குலுங்காத பயணத்துக்குப் பெயர் பெற்றது.

இரயிலிலும் இதுவே நிகழ்ந்தது. பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவான வந்தே பாரத் தொடர்வண்டிகளின் பெட்டிகள் காற்றுவில்லின் மேல் அமர்ந்துள்ளன. நாட்றம்பள்ளிக்கு அருகிலுள்ள சோலையார்பேட்டை வழியாக 2022 நவம்பரில் சென்னை–மைசூரு வந்தே பாரத் ஓடத் தொடங்கியது. காற்றுவில் பொருத்திய எல்எச்பி பெட்டிகளில், பையின் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை ஒலி எழுப்பித் தானே பிரேக் போடும் கருவியும் உண்டு. பழுதை மனிதர் கண்டுபிடிக்கும்வரை காத்திராத ஏற்பாடு இது.

பழுதறியும் முறை

கருவிகள் மாறினாலும் பழுதறிதலின் அடிப்படை மாறவில்லை. இரவில் நிறுத்திய கார் காலையில் எவ்வாறு இறங்கியுள்ளது என்பதே முதல் சான்று. ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அப்பக்கத்துப் பையிலோ குழாயிலோ ஒழுக்கு இருக்கலாம். பல மூலைகள் சேர்ந்து தாழ்ந்தால் வால்வுத் தொகுதியை ஐயுற வேண்டும். வண்டி எழவே இல்லையெனில் காற்றழுத்தி, அதன் ரிலே, பியூஸ் ஆகியவை பார்க்கப்படும். காற்று ஒழுகாமலே உயரம் தவறினால் உணரியோ அதன் கம்பியோ காரணமாகலாம்.

சோப்பு நீரைத் தெளித்துக் குமிழி பார்ப்பது இன்றும் நம்பகமான சோதனை. வெடிப்பு பெரும்பாலும் பையின் மடிப்பில் தோன்றுவதால், குறிப்பிட்ட உயரத்தில் மட்டுமே ஒழுக்கு வெளிப்படும்; ஆகவே வெவ்வேறு உயரங்களில் சோதிக்க வேண்டும். டியூப் பஞ்சருக்கு ஒட்டுப் போடுவதுபோல் பைக்கு ஒட்டுப் போட இயலாது. சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் மடிப்பு உருள்வதால் ஒட்டு நிற்காது. பையை மாற்றுவதே வழி.

பரவலான தவறு ஒன்று உண்டு. ஒழுக்கை ஈடுகட்ட ஓயாமல் ஓடும் காற்றழுத்தி சூடேறிக் கெடுகிறது. ஒழுக்கைக் கவனிக்காமல் காற்றழுத்தியை மட்டும் மாற்றினால் புதியதும் அவ்வாறே கெடும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளையும் அப்போதே பார்க்க வேண்டும். 1958இன் கார்களைக் கெடுத்த அதே ஈரம் இன்றைய வால்வுகளையும் கெடுக்கும்.

பாதுகாப்பு

காற்று இறங்கினால் வண்டியும் இறங்கும். பையின் காற்றை நம்பி வண்டிக்கடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. சாவியை எடுத்த பின்னும் கணினி உயரத்தைச் சரிசெய்ய முயலக்கூடும். ஆகவே ஜாக்கியில் தூக்குமுன் அமைப்பை அணைக்கவும், தூக்கியபின் தாங்கிகள் வைக்கவும், குழாயைக் கழற்றுமுன் அழுத்தத்தை வெளியேற்றவும் வேண்டும். மார்க் VII காரில் இதற்கெனப் பின்பெட்டியில் தனி விசை இருந்தது.

இன்றைய நிலை

உத்தரவாதக் காலம் முடிந்த பழைய சொகுசுக் கார்களில் காற்றுவில்லை நீக்கிச் சுருள்வில் பொருத்தும் வழக்கம் மீண்டும் காணப்படுகிறது. செலவு குறைந்தாலும் எச்சரிக்கை விளக்கு அணைவதில்லை. கணினியையும் அதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டியுள்ளது. பையும் வால்வும் பெரிதும் மேம்பட்டுள்ளன. ஆயினும் பழுது பார்க்கத் தெரிந்த கையும் அதற்கான தகவலும் எட்டும் தொலைவில் இல்லாவிடில், அறுபதாண்டுகளுக்கு முந்தைய உரிமையாளர்கள் எடுத்த அதே முடிவையே இன்றைய உரிமையாளர்களும் எடுக்கின்றனர்.