கூலிக்குப் பிடிக்க வந்தவர்கள்

கபடியில் பாடிப் போகிறவனை ஊரே பார்க்கும். பிடிக்கிறவனை, பிடி நழுவினால்தான் பார்க்கும். சினிமாவும் அப்படித்தான்: 2004இல் வந்த ‘கில்லி’யைப் பார்த்துவிட்டு எங்கள் பையன்கள் எல்லோரும் ரைடராக வேண்டும் என்றார்களே தவிர, ஓரத்தில் கார்னராக நின்று பிடிக்கிறேன் என்று ஒருவனும் வரவில்லை. நான் பொம்மிடி வட்டாரத்தில் முழங்கால் விட்டுப்போகும் வரை வலது கார்னரில் நின்றவன். பிடிக்கிறவர்களின் கதையை அவர்கள் பக்கம் நின்றுதான் சொல்ல முடியும் எனக்கு.

எங்கள் பக்கத்தில் தை பிறந்தால் பந்தயம் தொடங்கும். மாரியம்மன் பண்டிகைகள் முடிகிற வரை ஏதாவது ஓர் ஊரில் டியூப்லைட் கட்டியிருப்பார்கள். மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டால் கோர்ட் தயார். பெரிய பரிசு வைத்த ஊராக இருந்தால் வெளியூர் ஆட்கள் வருவார்கள். பொம்மிடி, சேலம்–ஜோலார்பேட்டை பாதையில் இருக்கிற ஸ்டேஷன். பாசஞ்சர் வண்டி நின்றதும் தோளில் பையோடு இறங்குகிறவனின் கெண்டைக்காலைப் பார்த்தே கார்னரா, நடுப்பக்கம் நிற்கிற கவரா என்று சொல்கிற பெரியவர்கள் இருந்தார்கள். ‘கெஸ்ட்’ என்று அவர்களுக்குப் பெயர். வழிச்செலவு, கறிச்சோறு, ஜெயித்தால் பரிசுப் பணத்தில் ஒரு பங்கு. அடுத்த வாரம் அதே ஆள் எதிர்க் குழுவில் நிற்பான். அதை யாரும் துரோகமாக எடுத்துக்கொண்டதில்லை. பிடிக்கக் கூப்பிட்டார்கள், பிடித்தான், அவ்வளவுதான்.

அந்தக் காலத்துப் பிடி வேறு. மூச்சுதான் கணக்கு. பாடி வந்தவனை அமுக்கி, அவன் பாட்டு அறுகிற வரை விடக் கூடாது. வியர்வையில் வழுக்கும் உடம்பை மண்ணோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அவன் கைவிரல் நடுக்கோட்டுப் பக்கம் நீளுகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். இப்போது ஒரு ரைடுக்கு 30 வினாடி, தொடர்ந்து இரண்டு ரைடு வெறுமனே போனால் மூன்றாவது ரைடில் புள்ளி எடுக்காவிட்டால் வெளியே. மண் போய் மேட் வந்துவிட்டது, வெறுங்கால் போய் ஷூ வந்துவிட்டது. ஆனால் கார்னர்காரனின் வேலை மாறவில்லை. ஏழு பேரில் ஓரத்தில் நின்று, போனஸ் கோட்டுக்கு நீளும் காலைக் கணுக்காலோடு பிடிக்க வேண்டும். அரை நொடி முந்தினால் அவன் தொட்டுவிட்டுப் போவான். பிந்தினால் கால் அங்கே இருக்காது. கை வலுவைவிட, எப்போது பாயக் கூடாது என்கிற பொறுமைதான் இந்தத் தொழில். அது வயது ஏற ஏறத்தான் வரும்.

இந்தத் தொழிலுக்குச் சம்பளம் என்று ஒன்று நெடுநாள் கிடையாது. 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு வந்தது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடிக்குப் பதக்கம் கொடுத்தார்கள், தங்கம் நமக்கு. அதற்குப் பிறகும் நல்ல ஆட்டக்காரனின் கனவு, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, போலீஸ் என்று எங்காவது ஒரு வேலை. வேலை கிடைக்காதவன் கெஸ்ட்டாகவே சுற்றிக் கால் போனதும் காட்டு வேலைக்குத் திரும்பினான்.

2014இல் புரோ கபடி லீக் வந்தது. ஏலத்தில் ஆளை எடுத்தார்கள். எங்கள் ஊர்க் கெஸ்ட் வழக்கத்தையே டிவி விளக்கு வெளிச்சத்தில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதனை அங்கேதான் பார்த்தேன். 1975இல் பிறந்தவர். லீக் தொடங்கும்போதே வயது 39, மற்றவர்கள் பயிற்சியாளராகிவிடுகிற வயது. பெங்களூரு புல்ஸ், பாட்னா பைரேட்ஸ், புனேரி பல்டன், யூ மும்பா, ஹரியானா ஸ்டீலர்ஸ், ஜெய்ப்பூர் என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தார். போன இடத்திலெல்லாம் சின்னப் பையன்கள் அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டார்கள், இந்திக்காரர்கள் உட்பட.

2016 ஜூலை 31, ஹைதராபாத்தில் லீக்கின் இறுதி ஆட்டம். பாட்னா 37, ஜெய்ப்பூர் 29. கோப்பையை வாங்கிய கேப்டன் சேரலாதன். பேச்செல்லாம் 19 வயது ரைடர் பர்தீப் நர்வாலைப் பற்றித்தான் இருந்தது. அந்தப் பையன் அபாரமாகப் பாடினான், மறுக்கவில்லை. ஆனால் பின்னால் ஒரு நிதானமான கார்னர் நிற்கிற குழுவில்தான் ரைடர் பயமில்லாமல் பாடப் போவான். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் இந்தியா, ஈரானை 38–29 என்று வென்று உலகக் கோப்பை எடுத்தபோதும் இந்திய அணியின் 14 பேரில் சேரலாதன் இருந்தார்.

2018இல் ஈரானின் ஃபசல் அத்ராசலியை யூ மும்பா ஒரு கோடி ரூபாய்க்கு எடுத்தது. அவர் இடது கார்னர். அதே குழுவில் வலது கார்னர் சேரலாதன். பிடிக்கிறவனுக்கு ஒரு கோடி என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கூலிக்குத் தடுக்கிறவன் கதை கபடிக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்கர்களின் கால்பந்தில் எதிரியின் முன்வரிசையை மோதித் தடுக்கிற தடியர்கள் உண்டு. அவர்களிலும் பலர் இப்படித்தான், ஓர் அணி கைவிட்டால் அடுத்த அணி என்று ஊர் ஊராகப் போகிறவர்கள். பந்தைத் தூக்கி ஓடுகிறவன் பெயர் நிற்கும், தடுத்தவன் பெயர் அந்த வருஷத்தோடு போகும். கண்டம் மாறினாலும் இந்த அநியாயம் ஒன்றுதான்.

சேரலாதன் ஜெய்ப்பூருக்காகக் கடைசியாகக் களத்தில் இருந்தது 2021–22 சீசன். வயது 46. கொரோனா காரணமாகப் பெங்களூரில் பார்வையாளரே இல்லாமல் நடந்த சீசன் அது. தமிழ்நாட்டு அணியான தமிழ் தலைவாஸ் 2017இலேயே வந்துவிட்டது, ஆனால் அந்த உடையில் அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 2024இல் வியூகப் பயிற்சியாளராகத்தான் அங்கே சேர்ந்தார். அவர் பிடிக்கிற காலத்திலேயே கூப்பிட்டிருக்க வேண்டும் என்பது என் தீர்ப்பு.

அவருக்காவது டிவியில் பதிவு இருக்கிறது. பொம்மிடியில் இறங்கி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமும் மொரப்பூர்ப் பக்கமும் கூலிக்குப் பிடித்துவிட்டுப் போனவர்களுக்கு ஒன்றும் இல்லை. பண்டிகை நோட்டீஸில் குழுவின் பெயர், நன்கொடையாளர் பெயர், பரிசுத் தொகை எல்லாம் இருக்கும். ஆட்டக்காரன் பெயர் இருக்காது. பந்தயம் நடத்துகிற இளைஞர்களே, இந்தத் தையிலிருந்து ஸ்கோர் நோட்டில் ஒவ்வொரு பிடிக்கும் நேராகப் பிடித்தவன் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். பழைய கெஸ்ட் ஆட்டக்காரர்கள் உங்கள் ஊரிலேயே இன்னும் இருக்கிறார்கள், முழங்காலைத் தடவிக்கொண்டு. அவர்கள் ஆடிய ஊர்களைக் கேட்டு இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.