தானியங்கி கியர்பெட்டியின் வெப்பநிலைப் பராமரிப்பு

தானியங்கி கியர்பெட்டிக்குள் சுற்றிவரும் ஆயில் அளவுக்கு மீறிச் சூடேறாமலும், குளிர்ந்து கெட்டியாகிவிடாமலும் பார்த்துக்கொள்ளும் அமைப்புகளும் நடைமுறைகளும் சேர்ந்ததே அதன் வெப்பநிலைப் பராமரிப்பு. டார்க் கன்வர்ட்டர் வகைக் கியர்பெட்டி நன்கு சூடேறி ஓடும்போது ஆயில் பொதுவாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். இத்தகைய பெட்டிகள் காலத்துக்கு முன்பே பழுதாகும்போது பல்சக்கரம் உடைந்திருப்பது அரிது. ஆயில் சூட்டில் கெட்டு, அதைத் தொடர்ந்து கிளட்ச் பிளேட்டும் ரப்பர் சீலும் கெட்டிருப்பதே பெரும்பாலும் தெரியவரும்.

ஆயிலின் வேலை

கையால் கியர் மாற்றும் பெட்டியில் ஆயிலுக்கு உள்ள முதன்மையான வேலை தேய்மானத்தைக் குறைப்பது. தானியங்கிப் பெட்டியில் அதற்கு நான்கு வேலைகள் உண்டு. இன்ஜினின் விசையை டார்க் கன்வர்ட்டர் வழியே கடத்த வேண்டும். அழுத்தத்தின் மூலம் கிளட்சுகளைப் பிடிக்கவும் விடவும் வேண்டும். பல்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் மசகாக வேண்டும். உள்ளே பிறக்கும் சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுபோகவும் வேண்டும். ஒரே ஆயில் இத்தனையும் செய்வதால், அதன் வெப்பநிலை மாறினால் வண்டி கியர் மாறும் விதமே மாறிவிடும்.

இந்த ஆயிலைச் சுருக்கமாக ஏடிஎஃப் என்பர். உராய்வைச் சீர்செய்யும் பொருள்கள், துரு தடுப்பான்கள், சீலை மென்மையாக வைத்திருக்கும் பொருள்கள் ஆகியவை அதில் கலந்திருக்கும். இன்ஜின் ஆயிலோடு குழப்பிக்கொள்ளாமலிருக்கவும், ஒழுகினால் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்கவும் பெரும்பாலான வகைகளுக்குச் சிவப்புச் சாயம் சேர்க்கிறார்கள்.

சூடு பிறக்கும் இடங்கள்

சூட்டின் பெரும்பங்கு டார்க் கன்வர்ட்டரில்தான் உண்டாகிறது. அதனுள் இன்ஜினோடு சுழலும் ஒரு சக்கரம் ஆயிலை வீச, கியர்பெட்டியோடு இணைந்த இன்னொரு சக்கரம் அந்த வேகத்தை வாங்கிச் சுழல்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழலாதவரை, கடத்தப்படாத ஆற்றல் முழுவதும் ஆயிலைச் சூடாக்கவே செலவாகும். இந்த வேக வித்தியாசத்தை வழுக்கல் என்பர். வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, பிரேக்கை மிதித்தபடி ஆக்சிலேட்டரையும் அழுத்தினால் வழுக்கல் நூறு சதவீதம். அப்போது இன்ஜின் தரும் சக்தி அத்தனையும் சூடாகிறது. கன்வர்ட்டரைச் சோதிக்கப் பணிமனைகளில் செய்யும் ஸ்டால் சோதனையை ஐந்து விநாடிக்கு மேல் நீட்டக் கூடாது என்று கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான்.

கிளட்ச் பிளேட்டுகள் ஒவ்வொரு கியர் மாற்றத்தின்போதும் சற்று உரசியே பிடிக்கின்றன. ஆயில் பம்ப், சுழலும் பாகங்கள் ஆயிலைக் கலக்குவது, பல்சக்கரங்களின் உராய்வு ஆகியவையும் தத்தம் பங்குக்குச் சூடேற்றுகின்றன. கியர்பெட்டிக்குள் 100 கிலோவாட் சக்தி நுழைந்து 90 சதவீதம் மட்டும் சக்கரங்களுக்குப் போனால், மீதி 10 கிலோவாட் சூடாக மாறுகிறது. அதை அப்புறப்படுத்த வழியில்லையென்றால் சில நிமிடங்களிலேயே ஆயில் ஆபத்தான நிலையை எட்டிவிடும்.

அளவு மீறினால்

கனிம எண்ணெய் ஏடிஎஃப் புழங்கிய காலத்திலிருந்து அமெரிக்கப் பணிமனைகளில் ஒரு கணக்கு வழக்கில் உள்ளது. ஆயில் 79 டிகிரியில் ஓடினால் சுமார் 1,60,000 கிலோமீட்டர் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரி கூடும்போதும் ஆயுள் பாதியாகும். இதன்படி 90 டிகிரியில் 80,000 கிலோமீட்டர், 101 டிகிரியில் 40,000, 112 டிகிரியில் 20,000. இன்றைய செயற்கை ஆயில்கள் இதைவிடக் கூடுதலான சூட்டைத் தாங்கும் என்பதால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் சூடு கூடக்கூட ஆயில் ஆக்சிஜனேற்றம் அடையும் வேகம் பன்மடங்காகும் என்பது எல்லா ஆயிலுக்கும் பொருந்தும்.

கெடுதல் படிப்படியாக நடக்கிறது. சுமார் 115 டிகிரியில் ஆயிலிலிருந்து பிசின் போன்ற படிவு உண்டாகி, கிளட்சுகளுக்கு ஆயிலைப் பங்கிட்டு அனுப்பும் வால்வ் பாடியின் நுண்ணிய வழிகளில் ஒட்டத் தொடங்கும். 127 டிகிரிக்கு மேல் ரப்பர் சீல்கள் இறுகி, அழுத்தம் கசியும். 145 டிகிரியைத் தாண்டினால் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கத் தொடங்கும். வழுக்கலே சூட்டை உண்டாக்குவதால், இந்தக் கட்டத்துக்குப் பின் கேடு தானாகவே வேகம் பிடிக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் பிளேட்டின் உராய்வுப் பூச்சு எரிந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் ஆயிலை மட்டும் மாற்றினால் பழுது தீராது.

குளிர்விக்கும் அமைப்பு

பல காலமாக வழக்கில் உள்ள முறையில் ஆயில் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். பம்ப் அனுப்பும் சூடான ஆயில் இரண்டு குழாய்களில் ஒன்றின் வழியே ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்கோ அடித்தொட்டிக்கோ போய், அங்குள்ள கூலரில் சூட்டைக் கூலன்டிடம் கொடுத்துவிட்டு, மற்றொரு குழாயில் திரும்பும். ரேடியேட்டரில் ஏற்கெனவே குளிர்ந்து இன்ஜினுக்குத் திரும்பவிருக்கும் கூலன்ட் உள்ள தொட்டியையே இதற்குத் தேர்ந்தெடுப்பார்கள்.

இரண்டாவது வகை, ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தப்படும் காற்றுக் கூலர். கனமான சுமை இழுக்கும் வண்டிகளில் இதை முதல் கூலரோடு தொடராக இணைப்பார்கள். மூன்றாவது, கியர்பெட்டியின் மேலேயே பொருத்தப்படும் தகட்டு வெப்பப் பரிமாற்றி. அடுக்கடுக்கான அலுமினியத் தகடுகளின் இடையில் ஒரு விட்டு ஒரு அடுக்கில் ஆயிலும் கூலன்டும் ஓடும். நீண்ட குழாய்கள் தேவையில்லை என்பதால் இன்றைய கார்களில் இது பரவலாகக் காணப்படுகிறது.

கூலன்ட் வழிக் கூலருக்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு திரவங்களுக்கும் இடையிலுள்ள சுவரில் துளை விழுந்தால் கூலன்ட் கியர்பெட்டிக்குள் புகுந்துவிடும். சிவப்பு ஆயில் ரோஸ்மில்க் போல வெளிறி நுரைக்கும். கூலன்டில் உள்ள கிளைக்கால், காகித அடிப்படையிலான உராய்வுப் பூச்சைப் பிளேட்டோடு பிடித்திருக்கும் பசையைக் கரைப்பதால், கூலரில் தொடங்கிய சிறு பழுது முழுப் பெட்டியையும் பிரிக்கும் வேலையாகிவிடும். டிப்ஸ்டிக்கிலோ கூலன்ட் டப்பாவிலோ இந்த நிறம் தென்பட்டால் வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

குளிர்ந்த நிலை

ஆயில் சில்லென்றிருப்பதும் நல்லதல்ல. டெக்ஸ்ரான் 6 வகை ஏடிஎஃப் 100 டிகிரியில் சுமார் 6 சென்டிஸ்டோக்ஸ் பாகுநிலை கொண்டது. 40 டிகிரியில் அது ஏறக்குறைய ஐந்து மடங்கு. குளிர் நாடுகளில் பூஜ்ஜியத்துக்குக் கீழே அது இன்னும் பல மடங்காகும். கெட்டியான ஆயில் நுண்ணிய வழிகளில் மெதுவாகவே நகர்வதால் கிளட்ச் பிடிப்பது தாமதமாகி, கியர் மாறும்போது வண்டி குலுங்கும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

இதற்காகப் பல வண்டிகளில் தெர்மோஸ்டாட் வால்வ் வைத்திருப்பார்கள். ஆயில் சூடேறும்வரை அது கூலருக்குப் போகாமல் திருப்பிவிடப்படும். தகட்டு வெப்பப் பரிமாற்றியோ இருவழியும் செயல்படும். காலையில் இன்ஜின் கூலன்ட் ஆயிலைவிட முன்னதாகச் சூடேறுவதால் முதலில் ஆயிலைச் சூடாக்கும். பின்னர் அதே பரிமாற்றி ஆயிலிடமிருந்து சூட்டை வாங்கிக்கொள்ளும்.

வரலாறு

ஆயில் மூலம் விசை கடத்தும் கருவிக்கு ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்றார். அது கப்பல்களுக்காக உருவானது. பெருமளவில் விற்பனையான முதல் முழுத் தானியங்கி கியர்பெட்டியான ஹைட்ராமேட்டிக்கை ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வழங்கியது. 1948இல் வந்த பியூக் டைனாஃப்ளோ, ஓட்டத்தின்போது கியர் மாறுவதற்குப் பதிலாக டார்க் கன்வர்ட்டரையே முழுதும் நம்பியது. அதனால் பயணம் இதமாக இருந்தது. வழுக்கல் இழப்பும் கூடுதலாக இருந்தது.

இதற்குத் தீர்வு 1949இலேயே பேக்கார்ட் அல்ட்ராமேட்டிக்கில் வந்துவிட்டது. வேகம் பிடித்தபின் கன்வர்ட்டரின் இரு சக்கரங்களையும் ஒரு கிளட்ச் ஒன்றாகப் பூட்டிவிடும். பூட்டியபின் அங்கே வழுக்கலும் இல்லை, சூடும் இல்லை. 1970களின் எரிபொருள் நெருக்கடிக்குப் பிறகு, 1978இல் கிரைஸ்லர் இதை மீண்டும் கொண்டுவர, மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். இன்று சூட்டைக் குறைப்பதில் கூலருக்கு இணையான பங்கு இந்த லாக்கப் கிளட்சுக்கு உண்டு.

ஆயிலுக்கும் தனி வரலாறு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1949இல் டைப் ஏ என்ற தரத்தை வகுத்தது. அக்கால ஏடிஎஃப்களில் உராய்வைச் சீர்செய்ய எண்ணெய்த் திமிங்கில எண்ணெய் சேர்க்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதற்குத் தடைவிதித்ததும் மாற்றுக் கலவைகள் தேட வேண்டியதாயிற்று. அவற்றில் ஒன்று ரேடியேட்டருக்குள் இருந்த கூலரின் சாலிடர் இணைப்புகளை அரித்ததால் மறுபடியும் திருத்தப்பட்டது.

மலைச்சாலையும் சுமையும்

சமவெளி நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் காரின் கியர்பெட்டி எளிதில் சூடேறாது. லாக்கப் பிடித்திருக்கும், கூலருக்குக் காற்றும் தாராளமாகக் கிடைக்கும். ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது இரண்டும் இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற பாதையில் கார் முழுச் சுமையோடு ஏறினால், வளைவுக்கு வளைவு வேகம் குறைந்து லாக்கப் விடுபடும். கியர் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கும். இத்தகைய இடத்தில் கியர் நெம்புகோலைக் கையால் ஒரு படி கீழே வைத்து ஓட்டினால் இன்ஜின் வேகம் கூடும், கன்வர்ட்டரின் வழுக்கல் குறையும், கியர் ஓயாமல் மாறுவதும் நிற்கும். மேட்டில் வரிசையில் நிற்கும்போது வண்டி பின்னால் உருளாமலிருக்க ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்காமல் பிரேக்கைப் பயன்படுத்த வேண்டும்.

அமெரிக்காவில் இழுவைத் திறனை அளக்கும் ஜே2807 தரம் இதை நேரடியாகச் சோதிக்கிறது. அரிசோனா மாநிலத்தின் டேவிஸ் அணை ஏற்றத்தில், 38 டிகிரிக்குக் குறையாத வெயிலில், ஏசியை முழு அளவில் வைத்து, முழுச் சுமையோடு சுமார் 18 கிலோமீட்டர் தூரம் ஏற வேண்டும். சாதாரணப் பிக்கப் வண்டி மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் குறையாமல், எந்தப் பாகமும் பழுதாகாமல் மேலே வந்து சேர வேண்டும்.

கணினியின் பங்கு

இன்றைய பெட்டிகளில் வெப்ப உணரி ஒன்று ஆயிலில் மூழ்கியிருக்கும். ஆயில் குளிர்ந்திருந்தால் கட்டுப்பாட்டுக் கணினி மேல் கியருக்கு மாறுவதையும் லாக்கப்பையும் தாமதப்படுத்தும். சூடு மீறினால் லாக்கப்பை முன்னதாகவே பிடிக்கச் செய்யும், ரேடியேட்டர் மின்விசிறியை வேகப்படுத்தும், தேவைப்பட்டால் இன்ஜினின் சக்தியையும் குறைக்கும். எச்சரிக்கை விளக்கு எரியும் அளவு வண்டிக்கு வண்டி மாறும். விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் சற்று நேரம் ஓடவிட வேண்டும். அணைத்துவிட்டால் பம்ப் நின்று, சூடான ஆயில் கூலருக்குப் போகாது. சில பழைய கிரைஸ்லர் பெட்டிகளில் பார்க் நிலையிலும் ஆயில் கூலருக்குச் செல்லாது. அவற்றை நியூட்ரலில் வைத்துக் கை பிரேக் போட வேண்டும்.

இதே காரணத்தால், பழுதான தானியங்கி காரை ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்லக் கூடாது. இன்ஜின் ஓடாதபோது பம்ப் ஓடாது. உள்ளே பாகங்கள் மசகில்லாமல் சுழலும்.

பிற வகைகள்

படிப்படியான கியர்கள் இல்லாத சிவிடி வகையிலும், ஈரக் கிளட்ச் கொண்ட இரட்டைக் கிளட்ச் வகையிலும் ஆயில் கூலர் அவசியம். உலர் கிளட்ச் கொண்ட வகைகளில் கிளட்சைக் குளிர்விக்க ஆயிலே கிடையாது. 2014இல் மாருதி செலெரியோ மூலம் இந்தியக் கார்களில் அறிமுகமான, கையால் மாற்றும் கியர்பெட்டியையே தானியங்கியாக இயக்கும் ஏஎம்டியும் உலர் கிளட்சையே பயன்படுத்துகிறது. நெரிசலில் ஊர்ந்தபடியே இருப்பதும், மேட்டில் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் இவற்றுக்கு டார்க் கன்வர்ட்டரைவிடக் கூடுதலாகக் கெடுதி செய்யும்.

பராமரிப்பு

ஆயிலின் அளவைக் குறிப்பிட்ட சூட்டில் மட்டுமே பார்க்க வேண்டும். எட்டு லிட்டர் ஏடிஎஃப் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறினால் சுமார் 0.4 லிட்டர் விரிவடையும். டிப்ஸ்டிக்கில் சூடான நிலைக்கும் குளிர்ந்த நிலைக்கும் தனித்தனிக் கோடுகள் இருப்பதும், டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிகளில் ஏறத்தாழ 40 டிகிரியில் இன்ஜின் ஓடும்போது பக்கத் திருகைக் கழற்றிப் பார்ப்பதும் இதற்காகவே. குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். கூடினால் பல்சக்கரங்கள் ஆயிலைக் கலக்கி நுரைக்கவைக்கும். இரண்டிலும் சூடு ஏறும்.

கூலரின் மடிப்புகளில் படியும் சேற்றையும் பூச்சிகளையும் மெதுவான நீர்த்தாரையால் கழுவ வேண்டும். பழைய கியர்பெட்டி தேய்ந்து போய் வேறு பெட்டி மாட்டும்போது, பழைய கூலரையும் குழாய்களையும் முழுதாகச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். இல்லாவிட்டால் அவற்றில் தங்கிய உலோகத் துகள் புதிய பெட்டிக்குள் போய்ச் சேரும். வடிகால் திருகைத் திறந்தால் ஆயில் முழுவதும் வராது. கணிசமான பங்கு கன்வர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும் என்பதால் ஒரே முறையில் எல்லாமே புதிதாகிவிடுவதில்லை.

பல கார் நிறுவனங்கள் இந்த ஆயிலை வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை என்கின்றன. ஆனால் கியர்பெட்டிகளைத் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம், தன் பெட்டிகளில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றப் பரிந்துரைக்கிறது. மலைப்பாதையிலும் நகர நெரிசலிலும் அதிகம் ஓடும் கார்களுக்கு இதில் கீழ் எல்லையையே கணக்கில் கொள்வது பாதுகாப்பானது.