குழந்தைகள் நாளும் சூளைப் பருவமும்

ஊத்துக்கோட்டை, ஆரணியாற்றங்கரையில், தமிழகமும் ஆந்திரமும் கூடும் எல்லையில் அமைந்த ஊர். அதனைச் சூழ்ந்த திருவள்ளூர் வட்டாரம் செங்கற்சூளைகள் மலிந்தது. குழந்தைகளின் உரிமைக்கென வகுக்கப்பெற்ற நாள்கள் இவ்வட்டாரத்துச் சூளைக் குழந்தைகளைச் சென்றடைகின்றனவா என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

முதற்கண் அந்நாளின் வரலாறு நோக்கத்தக்கது. முதல் உலகப் போருக்குப் பின், பகைநாட்டுக் குழந்தைகளின் பசியும் பசியே எனக் கண்டு தொண்டாற்றிய எக்லன்டைன் ஜெப் அம்மையார் வரைந்த உரிமை அறிக்கையை, 1924 செப்டம்பர் 26-இல் நாடுகளின் கழகம் ஏற்றது. குழந்தை எவ்வகைச் சுரண்டலினின்றும் காக்கப்பெறல் வேண்டும் என்பது அதன் ஐந்து கூறுகளுள் நான்காவதன்கண் அமைந்தது. பின்னர் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 1954 டிசம்பர் 14-இல் உலகக் குழந்தைகள் நாளைக் கொண்டாடுமாறு பரிந்துரைத்தது. எந்நாளில் கொண்டாடுவது என்பதை அவ்வந்நாட்டு அரசுக்கே அது விட்டது. நவம்பர் 20 சிறப்புற்றது, 1959-இல் உரிமை அறிக்கையும் 1989-இல் உரிமை உடன்படிக்கையும் அந்நாளில் ஏற்கப்பெற்றமையால். இந்தியா அவ்வுடன்படிக்கையில் 1992-இல் இணைந்தது.

நம் நாட்டில் நவம்பர் 14 குழந்தைகள் நாளானது நேரு மறைந்த 1964-க்குப் பின்னரே எனப் பலரும் எழுதுவர். அது பொருந்தாது. குழந்தைகள் நாளுக்கென இந்திய அஞ்சல் துறை 1957 நவம்பர் 14-இலேயே அஞ்சல்தலைகளை வெளியிட்டுள்ளது.

இனி, கடனுக்குக் குழந்தை ஈடாகும் வழக்கம் நம் மண்ணில் எத்துணைப் பழமையுடைத்து என்பதற்குக் கல்வெட்டே சான்று. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், கி.பி. 1201-இல், பஞ்சத்தால் நலிந்த வேளாளர் ஒருவர் தம் இரு மகளிரோடும் 110 காசுக்குத் தம்மைத் திருப்பாம்புரக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். பிள்ளைத்தமிழின் பருவங்களையே கற்பிக்கும் எம்போன்றோர் அக்கல்வெட்டை மாணவர்க்குக் காட்டுதல் அரிது. மணலில் சிற்றில் இழைக்கும் குழந்தையை இலக்கியம் கண்டது. விலைப்பட்ட குழந்தையைக் கல்வெட்டுக் கண்டது.

இருபதாம் நூற்றாண்டிலும் இவ்வழக்கம் ஒழிந்திலது. 1931-இல் அறிக்கை தந்த தொழிலாளர் அரச ஆணைக்குழு, முன்பணத்திற்குக் குழந்தை உழைப்பை ஈடுவைத்தலைச் சென்னையிலும் திண்டுக்கல்லிலும் கண்டு குறித்தது. அதன் பயனாய் எழுந்தது 1933-ஆம் ஆண்டுச் சட்டம். பதினைந்து வயது நிரம்பாத குழந்தையின் உழைப்பைப் பெற்றோர் ஈடுவைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது அது. ஆயின், தக்க கூலியன்றி வேறு பயன் கருதாததும், குழந்தைக்குக் கேடு பயவாததும், ஒரு கிழமை முன்னறிவிப்பில் முறிக்கத்தக்கதுமான ஒப்பந்தத்திற்கு விலக்களித்தது. 1976-இல் கொத்தடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பெற்றது. பதினான்கு வயதிற்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றது 2016-ஆம் ஆண்டுத் திருத்தம்; எனினும் பள்ளி நேரம் போகத் தம் குடும்பத் தொழிலில் துணைபுரிதலை ஒப்பியது.

சூளையிலோ குழந்தையின் பெயரால் ஒப்பந்தமே இல்லை. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டத்தார் பலர், புத்தரிசி விழாவாகிய நுவாக்காய் கழிந்ததும் தரகரிடம் முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு புறப்படுவர். உள்நாட்டு இருளர் குடும்பங்களும் இத்தொழிலில் உள. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்பெறும். கல் மிகுந்தாலன்றி முன்பணம் கழியாது. ஆதலின் தந்தை மண் குழைக்க, தாய் கல் அறுக்க, குழந்தை பச்சைக்கல்லைப் புரட்டிக் காயவைக்கும். ஏட்டில் அது வேலையாள் அன்று. கணக்கில் மட்டும் அதன் கை உண்டு. சூளை அக்குடும்பத்தின் உடைமையன்று. ஆதலின் இதனைக் குடும்பத் தொழில் எனக் கொள்ளுதல் பொருந்தாது என்பது எம் துணிபு.

இவ்விடத்துப் பருவத்தையும் நோக்குதல் வேண்டும். பச்சைக்கல் மழையில் கரையும். எனவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின்னரே இங்குச் சூளைத் தொழில் முழு விரைவு பெறும். கோடையின் முடிவில் அடங்கும். நவம்பர் 14-உம் 20-உம் மழைக்காலத்து நாள்கள். வரவேண்டிய குடும்பங்களுட் பல அப்போது வந்திரா. 2002 முதல் கொண்டாடப்பெறும் குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளாகிய ஜூன் 12 வருங்கால், பெரும்பாலோர் ஊர் திரும்பியிருப்பர். ஒரு நாள் அக்குழந்தைகள் வருமுன் கழிகின்றது. மற்றொன்று அவர்கள் போனபின் வருகின்றது. பள்ளியாண்டின் நடுவே பிறந்த ஊரை நீங்கும் அவர்களுக்கு, இம்மாவட்டத்தில் சூளையருகே ஒடிய மொழிப் பாடநூல் கொண்டு வகுப்புகள் நடத்தப்பெற்றமை போற்றற்குரியது. அவ்வகுப்புகள் சூளைப் பருவத்தைக் கணக்கிட்டவை. விழா நாள்கள் அதனைக் கணக்கிட்டில.

1954-ஆம் ஆண்டுத் தீர்மானம் நாளை வரையறுத்திலது என முன்னர்க் கூறினோம். தையிலோ மாசியிலோ, கல் அறுபடும் களத்திலேயே, ஊத்துக்கோட்டை வட்டாரத்தில் குழந்தைகள் நாள் ஒன்றை அரசு அமைக்குமாயின், அத்தீர்மானத்தின் சொல்லுக்கு அது மாறாகாது.